அணைக்கவும் அழிக்கவும் ஒரே சொல்

குபாத் எங்கள் கூட்டத்தை விட்டுப் போனது நவம்பரில், ஒரு பொய்ச் செய்தியால்.

பிஷ்கெக்கில் ஓஷ் சந்தைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அங்கே ஜன்னலோர நீள மேஜையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, சூடான சம்சாவைப் பிய்த்துத் தின்றபடி, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடும் லினக்ஸைப் பற்றிச் சண்டை போடுவோம். என் பெயர் புருல். பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். என் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் யாரோ இவர்களிடம் அனுப்பி வைத்தார்கள். கணினி அன்றைக்கே சரியாகிவிட்டது. நான்தான் நான்கு வருடமாக விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

குபாத்துக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். லினக்ஸில் பல வகை உண்டு, அவன் டெபியன் கட்சி. டெபியன்காரர்கள் ஒரு பதிப்பை இரண்டு வருடம் போல வைத்துச் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். குபாத்தும் அந்த மாதிரி ஆள்தான். தேநீர்கூட ஆறிய பிறகுதான் குடிப்பான். சாய்கல் அவனைவிட ஏழு வயது சின்னவள், சூம் வணிகக் கட்டடத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அவள் ஆர்ச் கட்சி. அதில் தினமும் காலையில் ஏதாவது ஒன்று புதிதாக வந்து இறங்கும். அவளுக்கு அது இல்லாவிட்டால் பொழுது விடியாது.

"பைகே, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பிரௌசருக்கு வயசு என்ன? பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?" என்பாள். பைகே என்றால் அண்ணன். மற்றவர்கள் சொன்னால் அது மரியாதை. சாய்கல் சொன்னால் உள்ளே ஒரு ஊசி இருக்கும்.

"உன்னுது இன்னிக்குத் தானா எந்திரிச்சுதா, இல்ல தண்ணி தெளிச்சு எழுப்புனியா?" என்பான் குபாத்.

நடுவில் ரோமன் ஆந்த்ரேயெவிச் தொண்டையைக் கனைப்பார். ரயில்வே தந்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரஷ்யர், அறுபத்தெட்டு வயது. அவர் வைத்திருப்பது ஃப்ரீபிஎஸ்டி. அது லினக்ஸே இல்லை என்பதை வாரம் ஒரு முறையாவது எங்களுக்கு ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல மாடியும் கீழயும் குடியிருக்கறவங்க. நான் வேற தெரு. ஆனா உங்க சத்தம் என் தெருவரைக்கும் கேக்குது."

இந்தச் சண்டைக்கு முன்னால் எப்போதும் செய்திச் சுற்று ஒன்று நடக்கும். ஆளுக்கு ஒரு தொழில்நுட்பச் செய்தி சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் குபாத் ஒரே கேள்விதான் கேட்பான்: "ஆதாரம் எங்கே?" நானே ஒரு தடவை இந்தக் கேள்விக்கு பயந்து, சொல்ல வந்த செய்தியை முழுங்கிவிட்டு வானிலை பற்றிப் பேசியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் நவம்பரில் ஒரு நாள் முகம் வெளிறிப் போய் வந்து உட்கார்ந்தான். அடுத்த வருடத்திலிருந்து பத்து வயதுக்கு மேற்பட்ட எந்தக் கணினியிலும் லினக்ஸ் ஓடாது, முடிவு செய்துவிட்டார்கள் என்றான். ரோமன் ஆந்த்ரேயெவிச்சே தன் கணினிக்கு வயது எண்ண ஆரம்பித்துவிட்டார். தன்னுடையது லினக்ஸ் இல்லை என்பதை அவர் மறந்தது அந்த ஒரு நாள்தான். சாய்கல் மட்டும் பேசாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கழித்து அவள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். குபாத் படித்த இணையப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், "சிரிப்பதற்காக எழுதப்பட்டது" என்று போட்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சாய்கல் அன்று சாயங்காலமே குபாத்தின் படத்துக்குக் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் போடும் கல்பாக் தொப்பி மாட்டி, கீழே "ஆதாரம் எங்கே?" என்று எழுதி, எங்கள் டெலிகிராம் குழுவில் ஸ்டிக்கராகப் போட்டாள். குழுவில் நானூறு பேர். ஒரு வாரத்தில் அது எங்கள் குழுவைத் தாண்டிப் போய்விட்டது. குபாத்தின் கம்பெனியில் கணக்குப் பிரிவுப் பெண்கள்கூட அவனுக்கே அனுப்பினார்களாம். அவன் குழுவை விட்டு வெளியேறினான். சனிக்கிழமையும் வரவில்லை.

குளிர்காலம் மந்தமாகப் போனது. சாய்கல் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். புதிய பதிப்பு நல்லா இருக்கு என்றால் நல்லா இருக்கு என்றார்கள். பழசெல்லாம் குப்பை என்றால் குப்பை என்றார்கள். ஜனவரி கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

"என்ன எஜே இது?" என்றாள் என்னிடம். அவளுக்கு நான் அக்கா முறை, அதுதான் எஜே. "சுவத்துல பந்து அடிச்சாக்கூடத் திரும்பி வரும். இவங்ககிட்ட அடிச்சா மெத்தையில விழுந்த மாதிரி இருக்கு."

"திருப்பி அடிக்கறவரை நீதானே துரத்திவிட்ட."

"நான் கிண்டல் பண்ணேன். துரத்தல."

"அவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் பட்டிருக்கு."

 அவள் சம்சாவின் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு உள்ளே இருந்த கறியை அப்படியே வைத்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தடித்த கோட்டும் கம்பளிச் சால்வையுமாக ஒரு பெண் நேராக எங்கள் மேஜைக்கு வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். "கம்ப்யூட்டரைப் பத்தி வாரா வாரம் சண்டை போடறவங்க நீங்கதானா?" என்றாள்.

"அவங்கதான்," என்றார் ரோமன் ஆந்த்ரேயெவிச். "நான் வேற தெரு."

அவள் பெயர் உமுத். கொச்கோர் என்ற மலையூரில் ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள், பயிற்சி வகுப்புக்காகத் தலைநகருக்கு வந்திருக்கிறாள். நூலகத்தில் ஒன்பது பழைய கணினிகள். அவற்றிலிருக்கும் விண்டோஸுக்கு இனி திருத்தம் வராது என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. புதிய கணினி வர இரண்டு வருடமாவது ஆகும்.

"காத்திருன்னாங்க. காத்திருக்கலாம். ஆனா படிக்க வர்றவங்க காத்திருக்க மாட்டேங்கறாங்களே," என்றாள். "வருஷக்கணக்கா இங்க உக்காந்து எது நல்லதுன்னு பேசறீங்களாம். முடிவு பண்ணிட்டீங்களா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் தேநீர்க் கோப்பையை எடுத்தோம்.

"முடிவு பண்ணலைன்னாலும் பரவால்ல. வந்து ஏதாவது ஒண்ணைப் போட்டுக் குடுங்க. எங்க ஊர்ல சாப்பாடு போடுவோம்."

சாய்கல் உடனே ஒத்துக்கொண்டாள். உமுத் போன பிறகு என் கையைப் பிடித்தாள். "எஜே, நீங்க என்கூட வாங்க. ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். தனியாப் போனா கதவைச் சாத்திருவாரு."

திங்கட்கிழமை மதியம் மருந்துக் கம்பெனி வாசலில் இரண்டு பேரும் நின்றோம். அவனைக் கூப்பிடுமுன் அவள் போனை எடுத்து அந்த ஸ்டிக்கரை மொத்தமாக நீக்கினாள். நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

குபாத் கோட் போடாமல் வெளியே வந்தான். எனக்குக் கை கொடுத்தான். சாய்கலைப் பார்த்து, "என்ன விஷயம்?" என்றான்.

"கொச்கோர்ல ஒரு லைப்ரரி. ஒம்பது மெஷின். இன்டர்நெட் ஆமை வேகம். ரெண்டு ஜிபி மெமரிதான். நீங்க வரணும் பைகே."

"ஆர்ச் போடு. அதுதான் எல்லாத்துக்கும் நல்லதாச்சே."

"ஆமா, அதுதான் நல்லது. இருந்தாலும் நீங்க வந்து இல்லைன்னு சொல்லணும்."

குபாத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"அந்தப் படத்தை எடுத்துட்டேன்," என்றாள் அவள், தரையைப் பார்த்து. "போட்டது தப்பு. பரவினது எனக்கே பிடிக்கல. மன்னிச்சிருங்க."

"எங்க அம்மா அதைப் பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க," என்றான் குபாத். "தொப்பி உனக்கு நல்லா இருக்குடான்னு சொல்றாங்க. அதை எப்படி எடுப்ப?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் எந்தத் தேதி என்று கேட்டான்.

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை, ரோமன் ஆந்த்ரேயெவிச்சின் வேனில் கிளம்பினோம். நான்கு பேர், மூன்று பெட்டி நிறைய வயர்கள், அவருடைய மனைவி கட்டிக்கொடுத்த முட்டைக்கோஸ் ரொட்டி. பூம் பள்ளத்தாக்கு முழுக்கக் குபாத் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தபடியே வந்தான். சாய்கல் ஒவ்வொரு செய்தியாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அந்தப் புதிய கோப்பு முறை வந்தாச்சு, இந்த மேசைத்தளம் மாறியாச்சு, இனி பழைய திரைமுறைக்கு வேலையே இல்லை. அவன் எல்லாவற்றுக்கும் "இருக்கலாம்" என்றான். இருக்கலாம் என்று சொல்லுகிற குபாத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாலையோரத்தில் புகைபோட்ட மீன் விற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தியபோது, "ஏதாவது திட்டுங்க பைகே, காது அடைச்சுப் போச்சு," என்றாள். அவன் அவளுக்கும் சேர்த்து ஒரு மீன் வாங்கினான். திட்டவில்லை.

நூலகம் ஒற்றை மாடிக் கட்டடம். நீலக் கதவு, உள்ளே நிலக்கரி அடுப்பு. ஒன்பது கணினிகளில் இரண்டு உயிர் விட்டிருந்தன. மீதி ஏழில் பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்று சாய்கல் பிரித்துக்கொண்டாள். ஏழை எப்படிப் பாதியாக்குவது என்று ரோமன் ஆந்த்ரேயெவிச் கேட்டு, ஒன்றைத் தனக்கு விடச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாய்கலின் முதல் கணினியில் ஆர்ச் இணையத்திலிருந்து இறங்கும்போது ஆறு சதவீதத்தில் போய் நின்றது. வெளியே காற்று அடித்தால் இணையம் படுத்துவிடும் என்று உமுத் சொன்னாள். கொச்கோரில் காற்று அடிக்காத நாளே கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து அது ஒன்பது சதவீதம் ஆனது. குபாத் தன் பையிலிருந்து ஒரு வட்டை எடுத்தான். டெபியனின் மொத்த மென்பொருள் கிடங்கும் அதில் இருந்தது. இணையமே தேவையில்லை. மூன்று கணினிகளை முடித்துவிட்டு, வட்டை சாய்கலின் மேஜையில் வைத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லுங்க," என்றாள் அவள்.

"என்ன சொல்றது?"

"நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுங்க. ஆர்ச்சைத் தூக்கிக் குப்பையில போடுன்னு சொல்லுங்க. இப்படிச் சாமி மாதிரி உக்காந்திருந்தீங்கன்னா நான் பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிருவேன்."

"மணி ஒண்ணாச்சு. ரெண்டு மணிக்கு ஆளுங்க வருவாங்க. போடு."

அவள் வட்டைச் செருகினாள். ஏழு கணினியிலும் டெபியன் ஏறியது. கிர்கிஸ் மொழியில் பட்டியல்கள் வந்தன, பாதி கிர்கிஸ், பாதி ஆங்கிலம். எங்கள் கிர்கிஸ் எழுத்துகள் எல்லாம் விசைப்பலகையில் வருகிறதா என்று உமுத் ஒவ்வொன்றிலும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய தட்டில் கறியும் நூடுல்ஸும் கலந்த பெஷ்பர்மக் வந்தது. அதற்குள் வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

முதலில் உள்ளே வந்தவர் தொக்தோசுன். ஓய்வு பெற்ற கால்நடை வைத்தியர். தன் வம்ச வரலாற்றை மூன்று மாதமாக ஒற்றை விரலால் தட்டி எழுதுகிறவர். அவருடைய கோப்பைக் குபாத் முன்பே பத்திரமாக எடுத்து வைத்திருந்தான். அவர் திறந்து பார்த்தார், எல்லாம் இருந்தது. இரண்டு பெயரைச் சேர்த்தார், சேமித்தார், மூடினார். கணினியை அணைக்க வேண்டும். திரையில் அவருடைய கோப்பு இருந்தது, அதன்மேல் சொடுக்கினார், பட்டியல் விரிந்தது. அதில் 'ஒச்சுரூ' என்று எழுதியிருந்தது. அழுத்தினார்.

எங்கள் மொழியில் விளக்கை அணைப்பதற்கும் ஒச்சுரூ, எழுதியதை அழிப்பதற்கும் ஒச்சுரூ.

"ஐயோ! போச்சு!" கிழவர் போட்ட சத்தத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பூனை வெளியே ஓடியது. "ஏழு தலைமுறையும் போச்சு! ஒரு விரல்ல முடிச்சிட்டேன்!"

குபாத் ஓடிப் போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்து கோப்பை வெளியே எடுத்துப் போட்டான். பத்து நொடி ஆகியிருக்காது. கிழவர் முதலிலிருந்து ஏழு பெயரையும் விரல் வைத்து எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"நான் மெஷினைத்தானே அணைக்கச் சொன்னேன்? அது ஏன் என் தாத்தாவை அணைச்சுது?"

"நல்ல கேள்வி அத்தா," என்றாள் சாய்கல். அத்தா என்பது பெரியவரைக் கூப்பிடும் சொல். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. "ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வச்ச அறிவாளி யாருன்னு இப்பவே பாத்துருவோம்." மொழிபெயர்ப்புக் கோப்புகளும் குபாத்தின் வட்டிலேயே இருந்தன. திறந்தாள். அந்த மாதிரிக் கோப்புகளின் தலைப்பில் கடைசியாக மொழிபெயர்த்தவரின் பெயரும் தேதியும் இருக்கும். "இதோ. பதிமூணு வருஷத்துக்கு முன்னால தொட்டது, அப்புறம் யாருமே தொடல. கடைசியா மொழிபெயர்த்தவர்..."

நிறுத்தினாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். திரையை நானும் பார்த்தேன்.

"யாரு?" என்றாள் உமுத்.

"பேரு சரியா விழல. எழுத்து உடைஞ்சு வந்திருக்கு," என்றாள் சாய்கல், திரையை மூடியபடி. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சுத்தமாக வரவில்லை அவளுக்கு.

 குபாத் கிழவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"உடைஞ்செல்லாம் வரல," என்றான். "நான்தான்."

"நீயா?" என்றார் தொக்தோசுன்.

"நான்தான் அத்தா. காலேஜ் விடுதியில இருந்தப்ப. ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்து செஞ்சேன். ஆயிரத்து நூறு வரி. கேக்கறதுக்கு ஆளில்ல. ஒவ்வொரு வரியும் தனித்தனியா வரும், எந்த வரி எந்த இடத்துல போய் உக்காரும்னு தெரியாது. ஒச்சுரூன்னு போட்டேன். ரெண்டு இடத்துலயும் சரியாத்தானே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் பைகே விட்டீங்க?" சாய்கல் குரலில் ஊசி இல்லை.

"இணையத்துல ஒருத்தன் என் வார்த்தைகளை எல்லாம் எடுத்து வச்சுக் கிண்டல் பண்ணான். மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க."

"படம் போட்டாங்களா?"

"அப்ப ஸ்டிக்கர் ஏது? பாட்டு எழுதினாங்க. நாலு வரி. எனக்கு இன்னும் மனப்பாடம்."

 சாய்கலின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க. ஆயிரத்து நூறுல பாதி நல்லா இருக்கு, இப்பத்தான் பாத்தேன். மீதியைச் சரி பண்ணுவோம். அழிக்கறதுக்கு 'அலிப் சலூ' போடலாம்."

அலிப் சலூ என்றால் எடுத்துப் போடு.

"எடுத்து எங்க போடறது? கட்டிலுக்கு அடியிலயா?" என்றான் குபாத். "அது ரொம்பச் சாதாரணமா இருக்கு. 'ஜொக் கிலூ' போடணும். இல்லாமப் பண்ணு. அதைப் பாத்தாலே விரல் பயப்படணும்."

"ஏற்கெனவே பயந்துதான் ஒத்த விரல்ல அடிக்கறாங்க! இன்னும் என்ன பயம்? கோப்பு குப்பைத்தொட்டிக்குத்தான் போகுது. இல்லாமப் போகலையே. நீங்க போடறது பொய்!"

"பொய்யா?"

"பொய்தான்! ஆதாரம் வேணுமா? இப்பத்தானே நீங்களே வெளிய எடுத்தீங்க!"

குபாத் மேஜையைத் தட்டினான். "அப்ப குப்பைத்தொட்டியைக் காலி பண்றதுக்கு என்ன போடுவ? அதுக்கும் எடுத்துப் போடா? மறுபடியும் ரெண்டுக்கு ஒரே வார்த்தை! என்கிட்ட எதைக் குத்தம் சொன்னியோ அதையே நீயும் பண்ற!"

ரோமன் ஆந்த்ரேயெவிச் என் காதில், "வந்துட்டான்," என்றார் ரஷ்ய மொழியில்.

நூலகத்துக்கு வந்திருந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுச் சுற்றி நின்றார்கள். கணினியை அணைப்பதற்கே வேறு வார்த்தை வைத்தால் என்ன என்று தபால் அலுவலகப் பெண் ஒருத்தி கேட்டாள். 'தொக்தோத்து' போடலாமே, நிறுத்து என்று அர்த்தம். தொக்தோசுன் எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு முன்னால பொறந்த மூணு பிள்ளைங்க தங்கல. இவனாவது நிக்கட்டும்னுதான் எனக்கு தொக்தோசுன்னு பேரு வச்சாங்க. எழுவத்தொரு வருஷமா நிக்கறேன். நீங்க என் பேரைச் சொல்லி மெஷினைச் சாகடிப்பீங்களா?"

"இல்ல அத்தா, இல்ல," என்று குபாத்தும் சாய்கலும் சேர்ந்து சொன்னார்கள். அன்று அவர்கள் சண்டை போடாமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

உமுத் நூலக அட்டைகளின் பின்பக்கத்தில் வார்த்தைகளை எழுதி மேஜையில் பரப்பினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை. 'கோப்புறை' என்பதற்குக் குபாத் போட்டிருந்த சொல் எங்கள் ஊரில் மாவு மூட்டையைக் குறிக்கும் என்றார் ஒருவர். மாவு மூட்டையிலும் சாமான் வைக்கலாமே என்றான் குபாத். எந்தச் சொல் சுலபம் என்று தீர்மானிக்க முடியாமல் போனபோது சாய்கலுக்கு ஒரு யோசனை வந்தது. ரோமன் ஆந்த்ரேயெவிச் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் அவருடைய கிர்கிஸ் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். அவரைக் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள்.

"இதுல கோப்பைத் தூக்கிப் போட எதை அழுத்துவீங்க?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்தார். 'அலிப் சலூ'வை அழுத்தினார். "சந்தையில வெங்காயம் அழுகியிருந்தா இதைத்தான் சொல்லுவேன். கடைக்காரி எடுத்துப் போட்டுடுவா."

சாய்கல் கையைத் தூக்கிக் குதித்தாள். குப்பைத்தொட்டியைக் காலி செய்யும் இடத்துக்கு 'ஜொக் கிலூ' என்று குபாத் பிடிவாதம் பிடித்தான். அங்கே நிஜமாகவே கோப்பு இல்லாமல் போகிறது, அங்கே விரல் பயப்பட்டுத்தான் ஆக வேண்டும். அவள் பத்து நிமிடம் எதிர்த்துவிட்டு, கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, அந்த ஒண்ணு," என்றாள். அணைப்பதற்கு ஒச்சுரூவே இருந்தது. விளக்கை அணைப்பது போலத்தானே.

ஐந்து மணிக்குள் முக்கியமான அறுபது சொற்களைத் திருத்தி, ஏழு கணினியிலும் ஏற்றிவிட்டார்கள். மீதி ஆயிரத்துச் சொச்சம் வரி சனிக்கிழமைகளுக்கு வந்தது. திரும்பும் வழியில் பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். 'புதுப்பி' என்பதற்கு என்ன போடுவது என்பதில் ஆரம்பித்து, எதற்குத் தினமும் புதுப்பிக்க வேண்டும் என்பதற்குப் போய், டொக்மொக் தாண்டும்போது ஒருவரை ஒருவர் முட்டாள் என்று சொல்லிக்கொண்டார்கள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

மே மாதம் மொழிபெயர்ப்பை அந்த மென்பொருளைச் செய்கிறவர்களுக்கு அனுப்பினோம். அதைச் சரிபார்க்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், பதிமூன்று வருடமாக இந்த மொழியில் யாரும் எழுதவில்லையே, இப்போது ஒரே நாளில் நூற்றிருபது கருத்துகள் வந்திருக்கின்றன, உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தார். கருத்துகளில் எழுபது கொச்கோர் தபால் அலுவலகப் பெண்ணுடையது. அக்டோபர் பதிப்பில் எங்கள் சொற்கள் வந்தன. மொழிபெயர்த்தவர்கள் பட்டியலில் குபாத், சாய்கல், உமுத் என்று மூன்று பெயர். வெங்காயத்துக்காக ரோமன் ஆந்த்ரேயெவிச்சையும் சேர்க்கப் பார்த்தோம். தன் பெயர் லினக்ஸ்காரர்கள் பட்டியலில் வருவதில் அவருக்குச் சம்மதமில்லை.

சாய்கலின் கணினியில் அந்தப் பதிப்பு மறுநாள் காலையே வந்து இறங்கியது. அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"பைகே, உங்க வார்த்தை என் மெஷினுக்கு வந்தாச்சு. உங்களுதுக்கு எப்ப வரும்?"

குபாத் மனதுக்குள் கணக்குப் போட்டான். "டெபியனோட அடுத்த பதிப்புல. ஒண்ணரை வருஷம் ஆகும்."

"சொந்தமா எழுதினதைப் பாக்கறதுக்கு ஒண்ணரை வருஷம் காத்திருப்பீங்களா?"

"நல்லா சோதிச்சுட்டு வரட்டும். அவசரமா எழுதினது, உன்னை மாதிரி ஆளுங்க வேற கை வச்சிருக்காங்க."

அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கடைக்காரப் பெண் வந்து, பக்கத்து மேஜையில் குழந்தை தூங்குகிறது, கொஞ்சம் மெதுவாக என்றாள். இரண்டு பேரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அரை நிமிடம் மெதுவாகப் பேசினார்கள்.